மிலாறு வேலி கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் தேயிலை மலையில் கவாத்து முடிந்ததும் நிரைகளுக்கு இடையே குவிந்து கிடக்கும் மிலாறும் (வெட்டி விழுந்த தேயிலைக் கிளைகளும்), நிழல் மரங்களிலிருந்து கழித்துப் போடப்படும் கிளைகளும் பாதி அடுப்புக்குப் போகின்றன. மீதி கிடந்த இடத்திலேயே மக்குகிறது, அல்லது தீ வைக்கப்படுகிறது. அவற்றையே சரிவுக்குக் குறுக்காக, நிலத்தில் அடித்த இரண்டு வரிசை முளைக்கம்புகளுக்கு நடுவே நீளவாக்கில் அடுக்கி வைத்தால் அது ஒரு வேலியாகிவிடும். மேலிருந்து ஓடிவரும் மழைநீர் அதில் வேகம் தணிகிறது. நீரோடு வந்த மண் வேலியின் மேற்பக்கத்தில் படிகிறது. அடியில் ஈரமும் நிழலும் சேர்வதால் மண்புழுவும் அரணையும் ஓணானும் குடியேறுகின்றன, அவற்றைத் தேடிக் கீரி வருகிறது, மேலே கொண்டைக்குருவி உட்காருகிறது. செலவு என்று சொல்ல ஆள்கூலியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் இதைச் சுவர் என்று நினைத்துக் கட்டுபவர்களே அதிகம். நீரை முற்றாக மறிப்பதற்கல்ல, கசியவிட்டு வேகத்தைக் குறைப்பதற்கே இந்த வேலி. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வந்தவை.

முதற்பிழை, கண்மட்டத்தை நம்பி வேலியின் கோட்டைப் போடுவது. நான் முதலில் கட்டிய வேலி எனக்கு நேராகவே தெரிந்தது. சித்திரை மழையில் நீர் முழுவதும் அதன் ஒரு முனைக்கு ஓடிச் சேர்ந்து, அந்த முனைக்குக் கீழே இருந்த லீக்ஸ் பாத்தியை அரித்துக்கொண்டு போனபோதுதான், இருபதடி நீளத்தில் ஒரு முழம் இறக்கம் இருந்தது தெரிந்தது. சரிவான நிலத்தில் கண் எப்போதும் ஏமாற்றும். சமமான இரண்டு கம்புகளைத் தலையில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைப் பொருத்தி, உச்சியிலிருந்து ஒரு கல்லை நூலில் தொங்கவிட்டால் போதும். நூல் குறுக்குக் கம்பின் சரிநடுவைத் தொடும் இடங்களில் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று பொருள். அந்தப் புள்ளிகளில் குச்சி நட்டுக்கொண்டே போனால் சமவுயரக் கோடு கிடைக்கும். அது வளைந்து வளைந்து போகும். அழகுக்காக அதை நேராக்கக் கூடாது. வேலியின் இரு முனைகளையும் சற்று மேல்நோக்கி வளைத்து முடித்தால், தேங்கும் நீர் ஓரங்களைச் சுற்றி வழிந்து புதிய ஓடை வெட்டாது.

இதைவிடக் கேடு தரக்கூடியது, கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், கிளைகளைப் போடுவது. தேயிலை மலைகளில் வெட்டப்பட்டிருக்கும் கான்கள் மிகையான நீரைச் சிறு சரிவில் மெதுவாக வெளியேற்றுவதற்கானவை. ‘மண்ணைப் பிடிக்கட்டும்’ என்று அவற்றில் மிலாற்றைத் திணித்தால், அடுத்த கனமழையில் கான் நிரம்பி, கரையின் பலவீனமான ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு, முழுக் கானின் நீரும் ஒரே வழியாகக் கீழே பாயும். ஒரு பருவத்தில் அந்த வழி ஆளிறங்கும் ஆழத்துக்குப் பள்ளமாகிவிடும். வேலியின் இடம் கான்களுக்கு இடைப்பட்ட நிலம். ஏற்கெனவே அரித்துப்போன சிறு பள்ளங்களில் கிளைத்தடுப்பு வைக்கலாம். ஆனால் அதன் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இரு முனைகளும் கரைக்குள் வெட்டிப் புதைக்கப்பட்டிருக்க வேண்டும், நீர் விழும் இடத்தில் கல்லோ கிளைகளோ பரப்பப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் நீரோடும் ஓடைகளில் இந்த வேலைக்கே போகக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மிலாறு வேலி மேல்மண் அரிப்பைக் குறைக்கும், மண்சரிவைத் தடுக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் நடந்த மண்சரிவில் லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மூடியது மேல்மண் அல்ல, மலைச்சரிவின் ஒரு பகுதியே. நிலத்தில் வெடிப்பு, மரங்களின் திடீர்ச் சாய்வு, புதிதாகக் கிளம்பும் ஊற்று ஆகியவை தெரியும் சரிவில் முளை அடித்துக் கிளை அடுக்குவது வீண்வேலை மட்டுமல்ல, வீட்டார் மனத்தில் பொய்யான தைரியத்தையும் ஏற்படுத்தும். அத்தகைய இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்களுடைய எச்சரிக்கை வரும்போது வெளியேறுவதே வழி.

இனி, எந்தக் கிளையை அடுக்குவது என்பது. ஜெர்மனியில் 1980களில் ஹெர்மன் பெஞ்சஸ் என்பவர் இத்தகைய வேலிகளைப் பரப்பியபோது சொன்ன கருத்து எளிமையானது: கிளைக்குவியலில் வந்து உட்காரும் பறவைகள் எச்சத்தோடு விதைகளைப் போடும், அவை முளைத்து வேலி தானாகவே உயிர்வேலியாகும். அந்த நாட்டிலேயே இது எல்லா இடத்திலும் பலித்துவிடவில்லை. கிளைகள் மக்கி மண் வளமேறியதும் புதர்ச்செடிகளை முந்திக்கொண்டு களைகள் எழுந்தன. நம் மலைகளில் பறவைகள் விரும்பி உண்டு விதைக்கும் செடிகளில் நாயுண்ணியும் (லந்தானா) ஒன்று என்பதால், ‘தானாக வரும்’ என்று விட்டுவிடுவது மேலும் ஆபத்தானது. நல்ல கன்றுகளை நாமே வேலியின் ஓரத்தில் நட வேண்டும். நாயுண்ணி தலைகாட்டும்போதே பிடுங்க வேண்டும். பூத்துக் காய்த்த நாயுண்ணியையும், தெருவோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியையும் வெட்டி அப்படியே அடுக்குபவர்கள் உண்டு. முன்னது விதையைப் பரப்பும்; பின்னதன் பச்சைத்தண்டு ஈரமண்ணில் பட்டால் வேர்விட்டுவிடும். ஹோர்ட்டன் சமவெளியில் பிரித்தானியர் காலத்தில் வந்த முட்புதர் ஒன்று இன்றுவரை அகற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், கவர்ச்சியான முள்ளென்று எதையும் ஊர்விட்டு ஊர் சுமந்துவர மனம் வராது.

முளைக்கம்புகளைப் பொறுத்தவரை, வெட்டிய தண்டு வேர்விடும் இதே குணம் நன்மையாகிறது. முள்முருக்கங்கம்பை முளையாக நட்டால் அது துளிர்த்து, மற்ற முளைகள் உளுத்த பிறகும் வேலியைத் தாங்கி நிற்கும். தாழ்வான, வெப்பமான பகுதிகளில் கிளிரிசீடியா இதற்குச் சிறந்தது. நுவரெலியாக் குளிரில் அது தேறாது. கண்டியில் பார்த்ததை அங்கே செய்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். வேரழுகல் கண்டு பட்டுப்போன தேயிலையின் வேரையும் அடிக்கட்டையையும் மட்டும் எந்த வேலியிலும் சேர்க்கக் கூடாது.

ஊவாப் பக்கத்தில், ஆனி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் வறண்ட காற்று அடித்துப் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகள் காய்ந்து கிடக்கும் காலத்தில், மலையுச்சியிலிருந்து வீடு வரை இடைவெளியின்றி ஓடும் மிலாறு வேலி தீக்குத் திரியாகிவிடும். எண்ணெய்ப்பசை நிறைந்த டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மர இலையும் கிளையும் அதில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே அங்கே வேலியைத் துண்டு துண்டாக விட்டுக் கட்டுவதும், இடைவெளிகளில் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக வைப்பதும் அவசியம்.

ஆனால் இந்த இடைவெளிதான் வேறொரு கொடுமைக்கு வழியாகிறது. விலங்குகள் வேலியோரமாக நடந்து திறப்புக் கிடைக்கும் இடத்தில் நுழையும் என்பதைக் கண்ணி வைப்பவர்கள் நன்றாக அறிவார்கள். காட்டுப்பன்றிக்கென்று அங்கே கட்டப்படும் கம்பிச் சுருக்கு, கேளையாட்டையும் மரையையும் சிறுத்தையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறித் தோட்டமொன்றில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்டுச் சிகிச்சை அளித்தும் இறந்துபோனது. வனவிலங்குக்கென்று வேலி கட்டிவிட்டு, அதன் வாயிலைக் கவனிக்காமல் விடுவதைவிடக் கட்டாமலே இருக்கலாம். ஒரே வாயிலுக்குப் பதிலாகப் பல திறப்புகளை விடுவதும், அவற்றை வாரத்துக்கொரு முறை நடந்து பார்ப்பதும், கிளைகளைக் கட்டக் கம்பியோ பழைய கேபிளோ பயன்படுத்தாமல் இருப்பதும் நம் கையில் உள்ளவை. சரியாக அடுக்கிய வேலிக்குக் கட்டே தேவையில்லை. முளைகள் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கியிருந்தால் அவையே தாங்கும். பன்றி மரக்கறியைத் தின்பதை இந்த வேலி தடுக்காது என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

லயத்துக்கும் வீட்டுக்கும் அருகில் இதைக் கட்ட வேண்டாம். காய்ந்த இலையும் கிளையும் கிடக்கும் இடம் கோப்பி விரியனுக்குப் பிடித்தமானது; நம் நாட்டில் பயன்படுத்தப்படும் இந்திய விஷமுறிவு மருந்து அந்தப் பாம்பின் கடிக்குப் பலன் தருவதில்லை. பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்திலிருந்தும், இரவில் நடக்கும் பாதையிலிருந்தும் வேலி தள்ளியே இருக்கட்டும்.

விறகைப் பற்றிப் பேசாமல் இந்த வேலையைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் எரிவாயு அடுப்பில் சமைப்பவர்கள். மிலாறு என்பது தோட்டத்துக் குடும்பத்துக்கு எரிபொருள். அதைக் கேட்காமல் எடுத்து வேலியில் அடுக்கினால், ஒரு மாதத்தில் வேலி அடுப்புக்குத் திரும்பிவிடும், அதில் குற்றம் சொல்லவும் முடியாது. தடித்த, எரிக்கத் தக்க கட்டைகளை வீடுகளுக்கு விட்டு, மெல்லிய கிளைகளையும் இலைக்கொத்துகளையும் வேலிக்கு எடுப்பதென்று முதலிலேயே பேசி வைத்தால் இரண்டும் நடக்கும். அடியில் வைக்கச் சில தடித்த துண்டுகள் மட்டும் போதும்.

கட்டி முடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறே. நான்கடி உயரத்துக்கு அடுக்கியது இரண்டு மழைக்காலத்தில் இடுப்பளவுகூட இல்லாமல் அமுங்கிவிடும். ஒவ்வோராண்டும் மேலே புதிய கிளை சேர்க்க வேண்டும். மேற்குச் சரிவுகளில் மாசியிலும், ஊவாவில் ஐப்பசி மழைக்கு முன்னரும் அதைச் செய்வது நல்லது. கிளையைப் போடுமுன் ஒரு நீண்ட கம்பால் தூரத்தில் நின்று தட்டிப் பார்க்க வேண்டும். பழைய குவியலுக்குள் குளவி கூடு வைத்திருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும். பறவைக்கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், அந்த இரண்டு முழ நீளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நிரப்பலாம். குஞ்சுகள் பறந்த பிறகு அதையும் நிரப்பிக்கொள்ளலாம்.