வீட்டு சர்வரும் தொட்டி கண்ட்ரோலரும்: பாகங்கள் வாங்குவதற்கு முன் போட வேண்டிய திட்டம்

இங்கே எடுத்துக்கொள்ளும் வேலை இரண்டு. ஒன்று, குடும்பத்தின் புகைப்படங்களையும் கோப்புகளையும் வைத்திருக்கும் சிறிய சர்வர். இன்னொன்று, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறிய கண்ட்ரோலர்). போர்டு அனுப்பும் கணக்கை சர்வர் வாங்கி, ஹோம் அசிஸ்டண்ட் என்னும் இலவச வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளில் காட்டும்.

எதையும் வாங்கும் முன் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியது இது: சர்வர் நின்றாலும், ரவுட்டர் நின்றாலும், போர்டே உறைந்து போனாலும், தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும். சர்வரின் வேலை பார்ப்பது, பதிவு செய்வது, போனுக்குச் செய்தி அனுப்புவது. பாதுகாப்பு அதன் பொறுப்பு அல்ல. கீழே வரும் முடிவுகளில் பாதி இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கின்றன.

சர்வர்: முதலில் டிஸ்க், பிறகுதான் பெட்டி

எந்தப் பெட்டி என்று கேட்பதற்கு முன், எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிடுங்கள். போனில் எடுக்கும் ஒரு நிமிட 4கே வீடியோ, எந்த முறையில் பதிவாகிறது என்பதைப் பொறுத்து, 170 முதல் 350 எம்.பி. வரை பிடிக்கும். சிசிடிவி கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 43 ஜி.பி. ஆகும். நான்கு கேமரா, ஏழு நாள் என்றால் 1.2 டி.பி. கேமரா வேண்டாம், படங்களும் கோப்புகளும் போதும் என்றால் பல வீடுகளுக்கு 1 டி.பி. எஸ்எஸ்டி ஒன்றே போதுமானது.

அப்படியானால் அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் பழைய மினி பிசி நல்ல தேர்வு. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் சரி. ஐ5-8500டி போன்ற, பெயரின் முடிவில் 'டி' உள்ள பிராசசராகப் பாருங்கள். ஆறு கோர் கொண்டது, 35 வாட் வகை. இவற்றில் பொதுவாக ஒரு எம்.2 எஸ்எஸ்டியும் ஒரு 2.5 அங்குல டிஸ்க்கும் மட்டுமே பொருந்தும். பெரிய 3.5 அங்குல டிஸ்க் இரண்டு வேண்டும் என்பவர்கள் மினி பிசியை வாங்கிவிட்டு யுஎஸ்பியில் டிஸ்க்குகளைத் தொங்கவிடாதீர்கள். கேபிள் ஒரு முறை அசைந்தால் டிஸ்க் கழன்றுவிடும். அவர்களுக்கு டவர் பெட்டிதான் சரி. ரேம் 8 ஜி.பி.யில் தொடங்கலாம், இம்மிச் போன்ற, முகம் அடையாளம் காணும் படச் செயலி வேண்டுமானால் 16 ஜி.பி. போடுங்கள்.

வாங்கும்போது அசல் அடாப்டர் வருகிறதா என்று பாருங்கள். டெல்லும் எச்பியும் வேறு அடாப்டரை அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால் எச்சரிக்கை காட்டும். டெல்லில் பிராசசர் வேகமும் குறையலாம்.

ராஸ்பெர்ரி பையும் ஆகும். ஆனால் மெமரி கார்டில் ஓட்டக் கூடாது. ஹோம் அசிஸ்டண்ட் தன் பதிவேட்டை சில நொடிகளுக்கு ஒரு முறை எழுதிக்கொண்டே இருக்கும். கார்டு அதற்குச் செய்யப்பட்டதல்ல. எஸ்எஸ்டி மாட்டி, பை 4 என்றால் 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5 என்றால் 5 வோல்ட் 5 ஆம்பியர் தரும் அடாப்டர் வையுங்கள். போன் சார்ஜரில் ஓட்டினால் காரணமே தெரியாமல் நின்று நின்று போகும்.

கரண்ட் கணக்கு

பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 நாளில் 86 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். 12 வாட் இழுக்கும் மினி பிசி அதே காலத்தில் 17 யூனிட்தான் எடுக்கும். விலை மலிவு என்று பழைய கேபினட்டை ஓட்டுவது பெரும்பாலும் லாபமில்லை. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, அளந்த எண்ணை மட்டும் நம்புங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் 65 வாட் என்பது அடாப்டரின் எல்லை. சர்வர் இழுக்கும் அளவு அதுவல்ல.

கரண்ட் போகும் நேரத்துக்கு இரண்டு வழிகள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மாறும் நேரம் நீளம். விளக்கு சிமிட்டுவதோடு போகும், சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் போதும். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. அதில் பாதியைத்தான் பேட்டரி கெடாமல் எடுக்கலாம். மாற்றும் இழப்பையும் கழித்தால், சர்வரும் ரவுட்டரும் சேர்ந்து 22 வாட் என்னும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும்.

அந்த ஒரு மணி நேரம் முடியும் முன் சர்வர் தானாக ஷட்டவுன் ஆக வேண்டும். யுஎஸ்பி போர்ட் உள்ள யுபிஎஸ் என்றால் 'நட்' என்னும் இலவச மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். யுஎஸ்பி இல்லாத மலிவு யுபிஎஸ்ஸுக்கும் வழி உண்டு. யுபிஎஸ்ஸில் சேராத, நேர் லைனில் ஒரு ஸ்மார்ட் பிளக்கைப் போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை சர்வர் அதை பிங் செய்யட்டும். பத்து நிமிடம் தொடர்ந்து பதில் இல்லையென்றால் கரண்ட் இல்லை என்று பொருள், ஷட்டவுன். கரண்ட் வந்ததும் தானாக எழ, பயாஸில் ஏசி இழப்புக்குப் பிறகு 'பவர் ஆன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சர்வர் அணைந்த பிறகும் யுபிஎஸ் அவுட்புட் அணையாமல் இருந்து, அதற்குள் கரண்ட் வந்துவிட்டால், அடாப்டருக்கு மின்சாரம் அறுபடவே இல்லை என்பதால் சர்வர் எழாது. 'நட்' வைத்து ஷட்டவுனோடு யுபிஎஸ் அவுட்புட்டையும் வெட்டச் சொல்லலாம். இல்லையென்றால் வேக்-ஆன்-லேன் வைத்து இன்னொரு கருவியிலிருந்து எழுப்ப வேண்டும்.

நெட்வொர்க்

ரவுட்டரில் சர்வருக்கும் போர்டுக்கும் மாறாத ஐபி ஒதுக்குங்கள். இஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தனிப் பெயர் கொடுத்தால் இணைக்கும்போது தலைவலி இல்லை. போர்டு உட்காரப் போகும் இடத்தில் போனை வைத்து சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 70 டிபிஎம் வரை நல்லது; மைனஸ் 80 என்றால் காங்கிரீட் கூரை விழுங்கிவிட்டது, அடிக்கடி அறுபடும்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமா? ரவுட்டரில் காட்டும் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு, அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாட்டுக்கு, பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் என்னும் விபிஎன் செயலியைப் போடுங்கள். பொது ஐபி இருந்தாலும் ஹோம் அசிஸ்டண்ட்டை நேராக இணையத்தில் திறக்காமல் வயர்கார்டு விபிஎன்னை மட்டும் திறப்பதே நம் பரிந்துரை.

மோட்டார் பக்கம்

இந்தத் திட்டம் சம்ப்பிலிருந்து ஏற்றும் ஒற்றை ஃபேஸ் மோனோபிளாக் மோட்டாருக்கு. பச்சைப் பட்டனை ஒரு நொடி அழுத்திப் பிடித்து ஓட்டும் போர்வெல் பேனலில் ஸ்டார்ட் கெபாசிட்டர் தனியாக உள்ளே வந்து போகும். அதற்கு இந்த சர்க்யூட் போதாது.

கடையில் கிடைக்கும் நீலநிற சிறு ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு எச்பி மோட்டார் 6, 7 ஆம்பியரில் ஓடுகிறது, அதனால் போதும் என்று தோன்றும். போதாது. எழுதியிருப்பது ஹீட்டர் போன்ற லோடுக்கான எண். மோட்டார் புறப்படும் கணத்தில் ஓடும் கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலே முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு மோட்டாரை நிறுத்த எதுவும் இருக்காது. எனவே சிறு ரிலே, காண்டாக்டர் என்னும் பெரிய மின்காந்தச் சுவிட்சின் காயிலை மட்டும் ஓட்டட்டும். மோட்டாரைக் காண்டாக்டர் ஓட்டட்டும். ஏசி-3 (மோட்டார் லோடுக்கான) அளவில் 12 ஆம்பியர் அல்லது அதற்கு மேல், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும்படி, ஓவர்லோட் ரிலேயுடன். இந்த 230 வோல்ட் பகுதியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு கண்டால் வெட்டும் சுவிட்ச்) நல்ல எர்த்தும் இல்லாத வீட்டில் அவை இரண்டும் முதலில் வரட்டும்.

இப்போது தொடக்கத்தில் தாளில் எழுதிய அந்த வரிக்கான சர்க்யூட். 12 வோல்ட் சப்ளையிலிருந்து கிளம்பும் வயர், மாடித் தொட்டியின் மேல்மட்ட ஃப்ளோட் (மிதவைச் சுவிட்ச்) வழியாகவும், சம்ப்பின் அடிமட்ட ஃப்ளோட் வழியாகவும் போய், பிறகுதான் 12 வோல்ட் ரிலேயின் காயிலுக்கு வர வேண்டும். காயிலின் மறுமுனையை இஎஸ்பி32 ஒரு டிரான்சிஸ்டர் மூலம் தரைக்கு இழுக்கும். தொட்டி நிரம்பாதபோது மூடியிருந்து, நிரம்பினால் திறக்கும்படி மேல் ஃப்ளோட்டை வையுங்கள். சம்ப்பில் நீர் இருந்தால் மூடி, வற்றினால் திறக்க வேண்டும். போர்டு உறைந்து ரிலே 'ஆன்' நிலையில் மாட்டிக்கொண்டாலும் ஃப்ளோட் அறுத்துவிடும். வயரை எலி கடித்து அறுத்தாலும் மோட்டார் நிற்கும். தொட்டிக்குள் 230 வோல்ட் போகவே போகாது.

ரிலே காயில் 400 ஓம் என்றால் 30 மில்லி ஆம்பியர் இழுக்கும். பிசி547 டிரான்சிஸ்டர் தாங்கும். பேஸுக்கு 1 கிலோ ஓம், பேஸிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம். இந்த 10 கிலோ ஓம் இல்லாவிட்டால் போர்டு பூட் ஆகும் நேரத்தில் ரிலே தட்டும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபேரட் எக்ஸ்2 கெபாசிட்டர் இரண்டையும் சீரிஸில். மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த டயோடும் இந்த சீரிஸ் ஜோடியும் விடுபட்டதைத்தான்.

இஎஸ்பி32 பின்களில் ரிலேக்கு 25, 26, 27, 32, 33 ஆகியவை பாதுகாப்பானவை. 6 முதல் 11 வரை உள்ளே ஃபிளாஷ் மெமரிக்குப் போகின்றன, தொடாதீர்கள். 12ஆம் பின் பூட்டாகும்போது மேலே இழுக்கப்பட்டால் போர்டு எழவே எழாது. 34 முதல் 39 வரை இன்புட் மட்டும், உள்ளே புல்-அப் கிடையாது. ஏடிசி2 (அனலாக் வோல்ட்டை அளக்கும் இரண்டாவது பகுதி) பின்கள் வைஃபை ஓடும்போது அனலாக் அளக்காது.

நீர்மட்டம் அளப்பது

ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சார் மேசையில் அழகாக வேலை செய்யும். தொட்டி மூடிக்கு அடியில் நீராவி படிந்து சில மாதங்களில் துருப்பிடிக்கும். நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்குங்கள். அதற்கு முன்னால் 25 செ.மீ. வரை குருட்டு இடம் உண்டு. நிரம்பிய நீர்மட்டத்துக்கும் சென்சாருக்கும் அதைவிடக் குறைந்த இடைவெளி இருந்தால், தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் அது தவறாகச் சொல்லும். ஆகவே வாங்கும் முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள். அதன் எக்கோ முனை 5 வோல்ட் தரும், இஎஸ்பி32 3.3 வோல்ட்தான் தாங்கும். எக்கோவுக்கும் பின்னுக்கும் இடையே 1 கிலோ ஓம், பின்னிலிருந்து தரைக்கு 2 கிலோ ஓம் போட்டுக் குறையுங்கள்.

ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரிக்குக் கணக்கிட்ட நிரல் 40 டிகிரி மாடியில் 3.5 சதவீதம் பிசகும்; ஒரு மீட்டர் தூரத்தில் மூன்றரை செ.மீ. ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் அது 27 லிட்டர். மோட்டாரை நிறுத்த இது பெரிதில்லை, நாளுக்கு எத்தனை லிட்டர் செலவு என்று கணக்கெடுக்கப் பெரிது. பத்து அளவுகள் எடுத்து நடு மதிப்பை மட்டும் அனுப்புங்கள். விழும் தண்ணீரின் அலைதான் பாதி பிழைக்குக் காரணம்.

துல்லியம் வேண்டுமானால் தொட்டி அடியில் போடும் 4–20 மில்லி ஆம்பியர் பிரஷர் சென்சார், 24 வோல்ட் சப்ளை, 100 ஓம் ரெசிஸ்டர். 0.4 முதல் 2.0 வோல்ட் வரை வரும். இஎஸ்பி32 ஏடிசி நேராக இயங்கும் பகுதி அதுதான்.

மாடிக்கு மின்சாரம் அனுப்புவதில் பலர் தடுமாறுகிறார்கள். 20 மீட்டர் நெட்வொர்க் கேபிளில் போய்வரும் இரு கம்பிகளும் சேர்ந்து 3.4 ஓம். இஎஸ்பி32 வைஃபையில் பேசும்போது 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் 1 வோல்ட் வழியிலேயே போய், 5 வோல்ட் 4 ஆகிறது. போர்டு ரீசெட் ஆகிறது. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் இன்னும் மோசம். 12 வோல்ட் அனுப்பி, மேலே பக் கன்வெர்ட்டர் வைத்து 5 ஆக்குங்கள். போர்டுக்கு அருகே 470 மைக்ரோஃபேரட், 105 டிகிரி வகை. பெட்டி ஐபி65; கேபிள் அடிப்பக்கமிருந்து கிளாண்ட் வழியாக நுழையட்டும். பல்லியும் எறும்பும் காண்டாக்டர் முனைகளுக்கு நடுவே போய் மாட்டுவது நிஜமான கோளாறு, ஒரு துளையும் திறந்திருக்க வேண்டாம்.

நிரலில் மூன்று வரி

போர்டின் நிரலை அமைக்க இஎஸ்பிஹோம் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துவோர் கவனிக்க: சர்வர் 15 நிமிடம் இணையாவிட்டால் போர்டு தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்வது அதன் இயல்பான அமைப்பு. சர்வர் பழுதான நாளில் மோட்டார் நடுவில் நின்று நின்று ஓடும். ஏபிஐ (சர்வரோடு பேசும் இணைப்பு), வைஃபை இரண்டிலும் ரீபூட் நேரத்தை 0 நொடி ஆக்குங்கள். ரிலே எப்போதும் 'ஆஃப்' நிலையில்தான் எழ வேண்டும். காலித் தொட்டி நிரம்ப ஆகும் நேரத்தை அளந்து, அதைப் போல ஒன்றேகால் மடங்கில் மோட்டாரை நிறுத்தும் கணக்கைப் போர்டிலேயே எழுதுங்கள். குழாய் உடைந்தால் காப்பாற்றுவது அதுதான்.

மோட்டாருக்குப் பதில் ஒரு 230 வோல்ட் பல்பைக் காண்டாக்டரில் மாட்டி ஒரு வாரம் ஓட விடுங்கள். பல்பு எரியும்போது சர்வரை அணையுங்கள், ரவுட்டரைப் பிடுங்குங்கள், சென்சார் வயரைக் கழற்றுங்கள், ஃப்ளோட்டைக் கையால் தூக்குங்கள். சர்வரும் ரவுட்டரும் போனபோது பல்பு தன் பாட்டில் எரிந்து நேரத்தில் அணைய வேண்டும். சென்சார் போனாலும் ஃப்ளோட் தூக்கினாலும் உடனே அணைய வேண்டும். அந்த வாரத்திலேயே சர்வரின் பேக்கப்பையும் சோதியுங்கள்: வேறொரு கணினியில் ஒரு மாதப் படங்களை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். ரெய்டு போட்டு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகலை வைத்திருப்பது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். ஒரு பிரதி வெளி டிஸ்க்கில், இன்னொன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.