வெள்ளவத்தையில் வெள்ளை இல்லை: சிங்கள ஊர்ப்பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கொழும்பில் காலி வீதி வழியே பஸ்ஸில் போனால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று வரிசையாக ஊர்கள் வரும். தமிழில் எழுதிப் பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் மாதிரியே இருக்கும். வெள்ளவத்தை என்பதில் வெள்ளையோ வெள்ளமோ இருக்கிறது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். சிங்களத்தில் 'வெல்ல' என்றால் கடற்கரை மணல், 'வத்த' என்றால் தோட்டம். ஆக, மணல் தோட்டம். சிங்களம் தெரியாதவர்களும் இப்படிப் பிரிக்கலாம்.

முதல் படி: வாலைப் பிடியுங்கள்

நம் ஊர்களில் குளம், பட்டி, துறை என்று முடிவதைப் போல, சிங்களப் பெயரின் கடைசித் துண்டுதான் அது என்ன மாதிரி நிலம் என்று சொல்லும். கம என்றால் ஊர், நுவர என்றால் நகரம், வெவ என்றால் குளம், கல என்றால் பாறை, கந்த என்றால் மலை, வெல என்றால் வயல், தெனிய என்றால் மேடுகளுக்கு நடுவே பள்ளமான வயல்நிலம், பிட்டிய என்றால் திறந்த வெளி, கொட என்றால் மேட்டு நிலம், தூவ என்றால் தீவு, தொட்ட என்றால் படகுத்துறை. இந்தப் பதினொன்றே தொடங்குவதற்குத் தாராளம். சில பெயர்களுக்கு இது சரிவராது. கம்பஹவில் 'கம்' முன்னால் நிற்கிறது. 'பஹ' என்றால் ஐந்து. ஐந்து ஊர்!

இரண்டாம் படி: தமிழ் எழுத்தை நம்பாதீர்கள்

பலர் வழுக்குவது இங்கேதான். பண்டாரவளையில் வளையல் இல்லை, 'வெல' என்ற வயல்தான் இருக்கிறது. அம்பலாங்கொடையில் யாரும் கொடை கொடுக்கவில்லை, அது 'கொட'. அம்பாந்தோட்டையில் தோட்டம் கிடையாது, 'தொட்ட' என்ற துறை. சம்பான் படகுகள் வந்து நின்ற துறை என்பது பரவலான விளக்கம். கடவத்தை இன்னும் மோசம். வெள்ளவத்தை போலவே முடிகிறதே என்று தோட்டம் தேடினால் ஏமாறுவீர்கள். 'கடவத' என்பது எல்லையில் இருந்த காவல் வாசல். இலங்கையில் பெயர்ப்பலகைகள் மும்மொழியிலும் இருப்பதால், தமிழ் வரியைப் படித்துவிட்டு ஆங்கில வரியையும் ஒருமுறை பாருங்கள். சிங்கள உச்சரிப்புக்கு அது கொஞ்சம் பக்கம்.

மூன்றாம் படி: பழைய வடிவத்தைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. சிங்களம் இந்தோ ஆரிய மொழி. வடமொழி, பாளிச் சொற்கள் அதில் தேய்ந்து சுருங்கியிருக்கும்: நெடில் குறிலாகும், கூட்டெழுத்து உடையும், ப என்பது வ ஆகும். வாபி என்ற சொல் வெவ ஆனது இப்படித்தான். அதே வாபிதான் தமிழில் வாவி. மட்டக்களப்பு வாவியும் சூரியவெவவும் பெயரளவில் சொந்தக்காரர்கள்! த்வீபம் அங்கே தூவ, இங்கே தீவு. நகரம் நுவர ஆயிற்று, கல்யாணி களனி ஆயிற்று.

தொட்ட என்பது தீர்த்தத்திலிருந்து வந்தது. பாளி நூல்கள் மகாதித்த என்று சொல்லும் துறைமுகம் சிங்களத்தில் மாதொட்ட, தேவாரத்தில் மாதோட்டம். திருக்கேதீச்சரம் இருக்கும் இடம்தான்.

கதிர்காமத்தையும் பாருங்கள். மகாவம்சத்தில் அது காஜரகாம, இன்றைய சிங்களத்தில் கதரகம. கிராமம் என்ற சொல்தான் ஒரு பக்கம் கம என்றும் மறுபக்கம் காமம் என்றும் நிற்கிறது. கதிர், காமம் என்று பிரித்து முருகன், வள்ளி காதலைச் சொல்வது பக்தர்கள் தந்த அழகான விளக்கம். ஆனால் சொல் வந்த வழி வேறு. (ஊர்ப்பெயரை வைத்து 'இது எங்கள் மண்' என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. சொல்லின் வேர் காணி உறுதி ஆகாது.)

நான்காம் படி: தலையைப் பாருங்கள்

மரம், நிறம், அளவு, இவைதான் பெரும்பாலும். நுகேகொடையில் நுக என்பது ஆலமரம். வெலிகமவில் வெலி என்றால் மணல். மகா என்றால் பெரியது; கண்டியைச் சிங்களவர் மகநுவர என்பார்கள். நாம் சொல்லும் கண்டி, 'கந்த உட ரட்ட' என்ற மலைநாட்டுப் பெயரில் போர்த்துக்கேயர் பிய்த்தெடுத்த துண்டு. தலையில் தமிழும் இருக்கலாம்: அம்பலாங்கொடையின் அம்பலம, வழிப்போக்கர் தங்கும் மடம், நம் அம்பலம்தான்.

ஐந்தாம் படி: காலத்தோடு ஒத்துப்போகிறதா?

பேராதனையை எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் பேராதெனிய. 'பேர' என்றால் கொய்யா, ஆகவே கொய்யா வயல் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, கொய்யா எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. அதைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்ததே 1505இல். ஆனால் மூன்றாம் விக்கிரமபாகு 1371இல் பேராதனையில் அரசவை வைத்திருந்தார் என்று அங்குள்ள தாவரவியல் பூங்காவின் வரலாறு சொல்கிறது. அப்படியானால் ஒன்று, ஊருக்கு அந்தப் பெயர் பிறகு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் 'பேர' கொய்யாவே இல்லை.