வீட்டுக்கே மெசேஜ் வாசித்துக் காட்டும் பிள்ளைக்கு இணையப் பாடம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு, குமுளி, மூணாறு பக்கம் தமிழ்வழிப் பள்ளிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு இணையப் பாதுகாப்பு எடுக்கப் போகிறவர் முதலில் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு நிலவரத்தைப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த நம்பரும் அதில்தான் இருக்கும். வங்கி மெசேஜ் இங்கிலீஷில் வரும், பஞ்சாயத்து அறிவிப்பு மலையாளத்தில் வரும், வீட்டில் பேசுவதோ தமிழ். "இதுல என்னடா போட்டிருக்கு?" என்று போனை நீட்டுவது பிள்ளையிடம்தான். அதனால் 'போனைத் தொடாதே' என்ற பாடம் இங்கே எடுபடாது. வாசித்துச் சொல்லும் பிள்ளைக்குச் சரியாக வாசிக்கப் பழக்குவதுதான் வேலை.

நாற்பது நிமிஷ பீரியட் நான்கு போதும். வகுப்பு லேப்டாப்பும் புரொஜெக்டரும் இருந்தால் வசதி. வீட்டுப் போனைக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்கு ஓடிபி தேவைப்படும்.

முதல் பீரியட் பணம். பலகையில் ஒரே வரி எழுதுங்கள்: 'பணம் வாங்க யுபிஐ பின் வேண்டாம்.' க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் அடித்தால் காசு நம் கணக்கிலிருந்து போகுமே தவிர, வராது. பிறகு இருவரை நிறுத்தி நடிக்க வையுங்கள். ஒருவர் ஓடிபி திருடுபவராகப் போனில், "மோளே, ஒரு நம்பர் வந்நிட்டுண்டல்லோ, அதொந்நு பறயாமோ?" (மகளே, ஒரு நம்பர் வந்திருக்குமே, அதைச் சொல்ல முடியுமா?) என்று கேட்கட்டும். மற்றவர், "அப்பா வந்து பேசுவாங்க" என்று சொல்லி உடனே கட் செய்ய வேண்டும். பிள்ளைகள் தவறுவது இங்கேதான்: எதிராளியோடு வாதாடுவார்கள். அவனுக்குப் பேசுவதே தொழில். பேச்சு நீண்டால் ஜெயிப்பது அவன்தான். ஒவ்வொருவரையும் மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். பதற்றத்தில் பழகிய வாக்கியம்தான் வாயில் வரும்.

லாட்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2003இல் தடை வந்ததால், கம்பத்துச் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் 'கேரளா லாட்டரி ஆன்லைன்' என்று படம் வந்தால் இங்குள்ள பிள்ளையைத்தான் கேட்பார். கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. கையில் சீட்டு இல்லாமல் பரிசு இல்லை. பரிசுக்கு முன்பணமும் கிடையாது.

காசு போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் திருடிய பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். எங்காவது நிற்கும்போதுதான் முடக்க முடியும். பணம் போன நேரம், தொகை, வங்கிப் பெயர், 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைக்கப் பழக்குங்கள்.

இரண்டாம் பீரியடில் லிங்க் வாசிப்பு. முகவரியில் 'எச்டிடிபிஎஸ்'ஸை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து இடப்பக்கமாக வாசித்தால் சொந்தக்காரர் யார் என்று தெரியும். வங்கிப் பெயர் முன்னால் இருந்து, சாய்கோட்டை ஒட்டி 'பரிசு டாட் சைட்' என்று முடிந்தால் அது வங்கியின் தளம் அல்ல. பூட்டுப் படம் இருப்பதும் உத்தரவாதம் ஆகாது. திருடனும் பூட்டு வாங்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்), அபராத ரசீது என்றாலும் கல்யாணப் பத்திரிகை என்றாலும், திறக்கவே கூடாது. ஸ்காலர்ஷிப் மெசேஜ் வந்தால் லிங்கைத் தொடாமல் பள்ளி அலுவலகத்திலோ அரசின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரிலோ கேட்கட்டும்.

மூன்றாவது, வதந்தி. மழைக்காலத்தில் 'முல்லைப் பெரியாறு உடைஞ்சிருச்சு' என்று வீடியோ வந்தால் கீழே இருக்கும் வண்டிப்பெரியாற்றில் யாருக்குத் தூக்கம் வரும்? வீடியோவை ஓடவிட்டு நிறுத்தி, ஷட்டரை எண்ணச் சொல்லுங்கள். முல்லைப் பெரியாறு 1895இல் திறக்கப்பட்ட கற்கட்டு அணை. உபரிநீர் ஷட்டர் 13. ஐந்து ஷட்டர் வரிசையாகத் தெரிந்தால் அது 2018 வெள்ளத்தில் திறந்த செறுதோணி அணையாக இருக்கலாம். வில்லாக வளைந்த கான்கிரீட் சுவர் இடுக்கி அணை. அதில் ஷட்டரே இல்லை. நீர்மட்டத்தையும் பாருங்கள்: முல்லைப் பெரியாற்றில் உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புப்படி 142 அடி வரை தேக்கலாம். அதற்கு மேல் ஏதாவது எண் போட்டிருந்தால் கலெக்டரின் அதிகாரப்பூர்வ பக்கத்தைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அடுத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். வெறும் தண்ணீர் தெரியும் இடத்தில் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. பாலம், பலகை, கட்டடம் தெரியும் மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். குரல் தமிழில் இருந்து கடைப் பலகை வேறு மொழியில் இருந்தால், குரல் பின்னால் ஒட்டியதா என்று சந்தேகப்படலாம். தமிழ், மலையாளம் இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்த எல்லைப் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை.

நான்காவது பீரியடில் படம், மிரட்டல். இதை அவசரமில்லாமல் எடுங்கள். ஆண் பிள்ளைகளும் மிரட்டப்படுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் இன்னொரு படமோ பணமோ அனுப்பக்கூடாது. சாட் உரையாடலை அழிக்கக்கூடாது, அதுதான் சாட்சி. மிரட்டியவரின் நம்பரையும் கணக்குப் பெயரையும் குறித்துக்கொண்டு நம்பும் பெரியவரிடம் சொல்ல வேண்டும், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்க வேண்டும். ஆசிரியர் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லவே கூடாது; அப்படி அனுப்புவதே சட்டச் சிக்கல். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். பள்ளி பெயர் கெடும் என்று மூடினால் அதுவும் குற்றம். பதினெட்டு வயதுக்குள் எடுத்த படத்தைப் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' சேவை இருக்கிறது. படம் போனைவிட்டு வெளியே போகாது, அதன் ரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும்.

ஒரு மாதம் கழித்து பத்து மெசேஜை அச்சடித்துக் கொடுங்கள். அதில் நான்கு உண்மையாக இருக்கட்டும். பத்தையுமே ஏமாற்று என்று குறிக்கும் பிள்ளை, நாளை உண்மையான ஸ்காலர்ஷிப் மெசேஜையும் அழித்துவிடும். அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் பீரியடை மறுபடி எடுங்கள்.