"நல்லாயிருக்கு தம்பி": வரைபட ரசனையை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

திருகோணமலையின் மாதாந்த மழையைத் தூண்களாகக் காட்டும், தொட்டு இயக்கக்கூடிய வரைபடம் ஒன்றைச் செய்துவிட்டீர்கள். டச்பே கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்களிடம் டெப்லெட்டை நீட்டி, பார்த்து முடித்ததும் "எப்படி, பிடிச்சிருக்கா?" என்று நீங்களே கேட்கிறீர்கள். "நல்லாயிருக்கு தம்பி" என்பார்கள். வேறென்ன சொல்வார்கள்? அது முகத்தாட்சண்யத்துக்கு வரும் பதில். செய்தவரே கேட்கக்கூடாது, இன்னொருவர் கேட்கட்டும். இரண்டு வரைபடங்களைக் காட்டி, எது உங்களுடையது என்று சொல்லாமல், "திரும்பப் பார்ப்பதென்றால் எதை?" என்று கேட்டால் இன்னும் நல்லது. சிறுவர்களிடம் மதிப்பிடச் சொல்லிச் சிரிப்பு முகப் படங்களை நீட்டினால் பெரும்பாலும் பெரிய சிரிப்பைத்தான் தொடுவார்கள். அவர்களிடமும் "திரும்பச் செய்ய விருப்பமா?" என்ற கேள்விதான் உதவும்.

அடுத்தது, கைக்குக் கிடைத்த வினாக்கொத்தைக் கொடுப்பது. ஜோன் புரூக் 1986இல் உருவாக்கிய 10 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து இன்றும் பிரபலம். ஆனால் அது கேட்பது பயன்படுத்துவது எவ்வளவு சுலபம் என்பதை. சுலபமாக இருந்தும் கொட்டாவி வரவழைக்கும் வரைபடங்கள் ஏராளம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்தும்விடும்: 1995இல் ஜப்பானில் ஏடிஎம் திரை வடிவமைப்புகளை வைத்துச் செய்த ஆய்வில், அழகாகத் தெரிந்தவற்றையே மக்கள் சுலபமானவை என்றும் மதிப்பிட்டார்கள். ஆகவே ரசனைக்குத் தனிக் கேள்வி வேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது, "பத்து நிமிடம் பார்த்தார், அப்படியென்றால் ரசித்தார்" என்ற கணக்கு. ஒன்றில் மூழ்கினால் நேரம் போவது தெரியாதுதான். உளவியலாளர் சிக்சென்ட்மிஹாயி அதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். ஆனால் வழி புரியாமல் தடுமாறினாலும் பத்து நிமிடம் போகும். கையைப் பாருங்கள். ஒருவர் ஒரே பொத்தானை மூன்று தரம் அழுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். இன்னொருவர் கார்த்திகை, மார்கழித் தூண்கள் உயர்ந்து நிற்பதைத் தொட்டுவிட்டு, "போன வருச மாரியையும் காட்டுங்கோவன்" என்கிறார். கேட்காத கேள்விக்கு விடை தேடுபவர் இரண்டாமவர்தான். குறிப்பேட்டில் அதை எழுதுங்கள். ஸ்டொப்வோச்சைப் பிடித்துக்கொண்டு "அதிக மழை எந்த மாதம்?" என்று கேட்டால் அது பரீட்சையாகிவிடும். கேள்விகள் முடிந்தபின் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். அங்கேதான் ரசனை தெரியும்.

புதுசு என்பதாலும் பிடிக்கும். முடிந்தால் ஒரு கிழமை கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கொடுங்கள். அப்புறம், வைகாசி மத்தியான வெயிலில் சோதிக்காதீர்கள். திரையே தெரியாது, புள்ளி குறைந்தால் பழி வரைபடத்தின் தலையில் விழும்.