பழைய வீட்டை இடிக்கும் முன்

ஜேசிபி வாசலுக்கு வருவதற்கு முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மீட்டரையும் சர்வீஸ் வயரையும் கழற்றச் சொல்லிவிடுங்கள். மெயினை மட்டும் அணைத்தால் போதாது; கம்பத்திலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும். போர்வெல் குழாய் வாயை மூடி போட்டு இறுக்குங்கள். ஒரு செங்கல் துண்டு உள்ளே விழுந்தாலும் மோட்டார் சிக்கிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுச் சுவர்களில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை, வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே தேதியுடன் படம் எடுங்கள். பிற்பாடு வரும் சண்டையில் பாதி இதிலேயே அடங்கும். பொதுச்சுவர் இருந்தால் அதை ஒட்டிய மூன்று நான்கு அடியை ஆள் வைத்துக் கையால்தான் இடிக்க வேண்டும்.

தேக்குக் கதவு, நிலை, உத்தரம், ஓடு எல்லாவற்றையும் இடிப்பவரிடம் மொத்தமாகப் பேசாமல் தனியாக விலை கேளுங்கள். சுண்ணாம்புக் கட்டு என்றால் செங்கல் முழுசாக வரும். சிமெண்ட் கட்டில் பெரும்பாலும் உடையும். மீண்டும் பயன்படுத்த நினைத்தால் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் வேண்டாம். தேறிய கல்லும் காம்பவுண்டுச் சுவருக்குத்தான்.

பெரும்பாலும் மறந்துபோவது பழைய செப்டிக் டேங்க். கழிவை எடுத்து, சுவரை உடைத்து, மணலை அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள். புதுத் தூணின் அஸ்திவாரம் அதன்மேல் வருகிறதா என்று இன்ஜினியரிடம் கட்டாயம் காட்டுங்கள். வந்தால் அந்த மூலை மட்டும் தனியாக இறங்கும்.