ஃபோம் கிளைடர் இறக்கையில் ஃபிளாப் பிரிப்பது எப்படி?

ரிமோட்டில் பறக்கும் 2 மீட்டர் ஃபோம் கிளைடர்கள் பலவற்றில் ஒவ்வோர் இறக்கையின் பின்விளிம்பு நெடுக ஒரே ஏலரான்தான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பலகை). பறக்கும்போது குறையில்லை. தரையிறக்கும்போதுதான் தொல்லை: முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டே மைதானத்தைத் தாண்டிவிடும். அந்த ஏலரானை இரண்டாக வெட்டி, உடலை ஒட்டிய பாதியை ஃபிளாப் (கீழே மடங்கி வேகத்தைக் குறைக்கும் பலகை) ஆக்கிவிட்டால் பிரேக் கிடைத்துவிடும்.

வேண்டியவை: 9 கிராம் மெட்டல் கியர் சர்வோ (பலகையை அசைக்கும் சிறு கருவி) 2, ஹார்ன் (கம்பியை மாட்டப் பலகையில் பதிக்கும் துளையுள்ள சிறு துண்டு) 2, 1.5 மி.மீ. பியானோ கம்பி, 3 மி.மீ. அகலக் கார்பன் பட்டை, நார் டேப், சர்வோ நீட்டிப்பு வயர் 2, புது பிளேடு. கிளைடரிலுள்ள ரிசீவரில் 6 சேனல் (தனித்தனிக் கட்டளை வழி) வேண்டும். மோட்டார் இருந்தால் 7.

1. ஏலரான் நீளத்தில் பாதியில் கோடு போடுங்கள். பழைய ஹார்ன் வெளித்துண்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டை உள்ளே தள்ளுங்கள். வெட்டியபின் இரண்டுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். உரசினால் சர்வோ முனகும், பேட்டரி வீணாகும்.

2. வெட்டிய துண்டு முறுக்கினால் வளையும். அடிப்பக்கம் பிளேடால் கீறி, கார்பன் பட்டையைச் செருகி ஒட்டுங்கள். இதைத் தவிர்த்தால் வேகத்தில் துண்டு படபடக்கும்.

3. கீல் மேல்பக்கத்தில் இருப்பதால், ஃபிளாப் இறங்க அடியில் இடம் வேண்டும். 60 பாகை இறங்க, அடியிலுள்ள V வெட்டும் 60 பாகைக்குக் குறையக் கூடாது. ஃபிளாப் பக்கமே சீவுங்கள். இறக்கையைச் சீவினால் அது பலவீனமாகும். பிறகு கீல் மேல் நார் டேப் ஒட்டுங்கள்.

4. பலர் தவறுவது இணைப்புக் கம்பியில்தான். ஹார்னை அடியில் வையுங்கள். அதன் துளை கீலுக்கு நேர் கீழே வர வேண்டும். ஃபிளாப் இறங்கும்போது சர்வோ கம்பியை முன்னோக்கி இழுக்கிறது; இழுக்கும் கம்பி மெல்லியதானாலும் வளையாது. ஃபிளாப்புக்கு மேலே போகும் வேலை அநேகமாக இல்லை. அதனால் அது சமமாக இருக்கும் நிலையில் சர்வோ கை பின்விளிம்பை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். செங்குத்தாக வைத்தால் பாதி வீச்சு வீண். 30 பாகைக்கு மேல் இறங்காமல் நின்றுவிடும். சர்வோவுக்கு நடுநிலை கொடுத்த பிறகே கையை மாட்டுங்கள்.

5. இரு சர்வோக்களையும் கண்ணாடிப் பிம்பமாகப் பொருத்தி Y வயரில் (ஒரே சேனலை இரண்டாகப் பிரிக்கும் வயர்) கோத்தால் ஒரு ஃபிளாப் ஏறும், மற்றது இறங்கும். தனித்தனிச் சேனலில் போட்டு, ஒன்றின் திசையை ரிமோட்டில் தலைகீழாக்குங்கள்.

6. மிக்ஸிங் (பல பலகைகளைச் சேர்த்து அசைக்கும் ரிமோட் அமைப்பு): முழு பிரேக்கில் ஃபிளாப் 50–60 பாகை கீழே, ஏலரான் 15–20 பாகை மேலே. மூக்கு தூக்கும், ஈடுகட்ட எலிவேட்டரில் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) 2–3 மி.மீ. கீழே கலந்து தொடங்குங்கள். ஏலரானை இன்னும் அதிகம் தூக்கினால் உருளும் கட்டுப்பாடு குறையும்.

புதுச் சர்வோக்கள் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால்தான் வரும். மையத்தை மறுபடி பாருங்கள், தேவையானால் மூக்கில் ஈயம் சேருங்கள். முதல் சோதனை நல்ல உயரத்தில், பாதி பிரேக்கில் மட்டும். தரையைத் தொடும் நொடிக்கு முன் ஃபிளாப்பை மேலே எடுத்துவிடுங்கள். புல்லில் இடித்தால் மெட்டல் கியரும் பல் உடையும்.