பேக்டரி இன்ஸ்பெக்டர் சம்பளம் தண்டமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "வருஷத்துக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்க்கிறதுக்கு மாசம் லட்ச ரூபாய் தண்டச் சம்பளம்." நானும் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் தகரத்தை மெஷினில் அழுத்திப் பாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தவன், அதனால் சொல்ல உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விடை உங்கள் கையில்.

முதல் வேலை, 'அரசாங்கப் பாதுகாப்பு வேலை' என்று மொத்தமாகப் பேசுவதை நிறுத்துங்கள். தொழிற்சாலைக்கு ஒரு துறை, லிப்டுக்கு மின் ஆய்வுத்துறை, பட்டாசுக்கும் பெட்ரோலுக்கும் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பெசோ என்ற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, ஓட்டலுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று ஆளாளுக்கு வேலை வேறு, அதனால் தடுக்கப்படும் ஆபத்தும் வேறு. ஒரே ஒரு பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உதவி இயக்குநர். டிஎன்பிஎஸ்சி எழுதி வருபவர், எஸ்டேட்டில் அவருக்கு இன்னும் பேக்டரி இன்ஸ்பெக்டர் என்றுதான் பெயர்.

செலவைப் போடுவது சுலபம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அகவிலைப்படி அதில் பாதிக்கு மேல், அப்புறம் வீட்டு வாடகைப்படி, ஆக மாதம் ஒரு லட்சத்தை ஒட்டி வந்துவிடும். இங்கேதான் டீக்கடைக் கணக்கு நின்றுவிடுகிறது. ஜீப், டிரைவர், அலுவலகத்தில் பைல் தூக்கும் கிளார்க், பயணப்படி, அரசு கட்டும் ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு 25 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். இது என் தோராயம். கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறேன், நாளைக்கு யாரும் குறைத்துக் காட்டினேன் என்று சொல்லக்கூடாது.

இனி கஷ்டமான பகுதி. ஒரு உயிருக்கு என்ன விலை? கேட்கவே கூச்சமாக இருக்கும், ஆனால் சட்டமே ஒரு விலை வைத்திருக்கிறது. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட வாய்ப்பாட்டின்படி 25 வயது ஆள் வேலையில் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை (கணக்கில் வரும் உச்சவரம்பு 15,000) 216.91ஆல் பெருக்க வேண்டும். 16 லட்சத்து 26 ஆயிரத்துச் சொச்சம் வரும். இன்னொரு விலையும் இருக்கிறது. ஆபத்தான வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஆபத்துக்காக எவ்வளவு கூடுதல் கூலி வாங்குகிறார்கள் என்று சென்னை, மும்பைத் தொழிலாளர்களை வைத்துப் பொருளியலாளர் மாதேஸ்வரன் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதில் வந்த மதிப்பு சுமார் ஒன்றரைக் கோடி. நம்மூர் ஆட்களின் கூலியிலிருந்தே எடுத்தது என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். முதல் விலையை வைத்தால் இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒன்றரை உயிரைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாவதை வைத்தால் ஆறு வருஷத்துக்கு ஒரு உயிர் போதும். ஆகவே எவனாவது "தண்டம்" என்றால் முதலில் கேளுங்கள், நீ உயிருக்கு என்ன விலை வைத்துப் பேசுகிறாய் என்று.

சரி, இன்ஸ்பெக்டர் வந்தால் விபத்து குறைகிறதா? உங்கள் ஏரியாவில் ஆய்வு நடந்த கம்பெனியையும் நடக்காத கம்பெனியையும் நேராக ஒப்பிட்டுவிடாதீர்கள். இன்ஸ்பெக்டர்கள் பெரும்பாலும் போவதே விரல் போன இடத்துக்கும் புகார் வந்த இடத்துக்கும்தான். அப்படி ஒப்பிட்டால் இன்ஸ்பெக்டர் போனதால் விபத்து கூடியதாகக்கூட விடை வரும். இந்தச் சிக்கலைத் தாண்டிய ஆய்வு ஒன்று கலிபோர்னியாவில் நடந்தது. அங்கே சில தொழில்களில் யாரிடம் போவது என்பதைக் குலுக்கல் மாதிரித் தேர்ந்தெடுத்தார்கள். அதை வைத்து லெவின், டோபல், ஜான்சன் என்ற மூவர் 2012இல் கணக்கிட்டதில், ஆய்வு நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைந்தன, காயத்தால் வரும் செலவு 26 சதவீதம் குறைந்தது. ஆய்வால் வேலைகள் குறைந்ததாகவோ கம்பெனிகள் மூடியதாகவோ தெரியவில்லை.

கலிபோர்னியா எங்கே, பட்டரவாக்கம் எங்கே என்பீர்கள். நியாயம்தான், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, நம் இன்ஸ்பெக்டர் போய்வரும் கம்பெனிகளில் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 40 பெரிய காயங்கள் என்று வையுங்கள். பாதியாக்கிய கணக்கில் அதில் இரண்டு குறையும். ஒரு விரல் போனால் ஆஸ்பத்திரி, வேலையில்லாத வாரங்கள், அப்புறம் அந்த ஆளுக்கு வாழ்நாள் முழுக்கக் குறையும் கூலி, எல்லாமாக ஐந்து லட்சம் என்றால் பத்து லட்சம் தேறிவிட்டது. மீதி 15 லட்சத்துக்குப் பத்து வருஷத்தில் ஒரு உயிர் தப்பினால் போதும். இந்த எண்களை உங்கள் ஏரியாவுக்கு ஏற்ப மாற்றிப் போடுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க ஒரு விஷயத்தில் தொங்குகிறது: வந்தவர் என்ன பார்த்தார்? எங்கள் ஷாப்பில் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் ராம் என்கிற மேல்பகுதி இறங்கும், அப்போதுதான் கை டைக்குள், அதாவது கீழே இருக்கும் அச்சுக்குள், இருக்காது. டார்கெட் பிடிக்க ஆப்பரேட்டர்கள் இடது பட்டனில் மடித்த தகரத்தைச் செருகி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவார்கள். வலது கை அமுக்கும், இடது கை பீஸ் வைக்கும். முதல் ஆள் வந்தார், ஓனர் ரூமில் ரிஜிஸ்டர் பார்த்தார், கேக்கும் டீயும் ஆயிற்று, நாற்பது நிமிஷத்தில் கிளம்பினார். சில வருஷம் கழித்து வந்தவர் கேட்டிலிருந்து நேரே உள்ளே நடந்தார். செக்யூரிட்டி போன் அடித்த மறுநிமிஷம் டேப்பை எல்லாம் பிய்த்துவிட்டிருந்தோம், நான்தான் பிய்க்கச் சொன்னேன். அவர் பட்டனைப் பெருவிரலால் தேய்த்து, "இது என்னப்பா பிசுபிசுன்னு?" என்றார். கரியோடு ஒட்டியிருந்த பசை. இரண்டு பட்டனையும் விட்டு மறுபடி அமுக்கினால்தான் அடுத்த ஸ்ட்ரோக் வரும்படி ரிலே போடச் சொன்னார், சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. அதுவல்ல பெரிய விஷயம். மூன்று வாரம் கழித்துச் சொல்லாமல் மறுபடியும் வந்தார். அந்த மெஷினில் அதற்கப்புறம், நான் இருந்தவரை, விரல் போகவில்லை. ஒரே பதவி, ஒரே சம்பளம். முதல் ஆளுடைய 25 லட்சத்தோடு, 'இன்ஸ்பெக்ஷன் ஓகே' என்று ஓனருக்கு வந்த தைரியத்தையும் செலவில் எழுத வேண்டும்.

அந்தத் தைரியம் எவ்வளவு விலை என்று நமக்குத் தெரியாததில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், கீற்றுக் கூரைக்குக் கீழே. 2014 ஜூன் 28, மௌலிவாக்கத்தில் 61 பேரைப் புதைத்த பதினோரு மாடிக் கட்டிடத்துக்கும் அனுமதி இருந்தது. இதையெல்லாம் காட்டி "பார்த்தாயா, அதிகாரிகளால் பிரயோஜனம் இல்லை" என்பவர்கள் உண்டு. கையெழுத்துக்கு மட்டும் ஒரு பதவியை வைத்தால் அது வெறும் செலவு என்பதுதான் எனக்கு அதில் தெரிகிறது.

நடக்காமல் போனதையும் கணக்கில் சேருங்கள். 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் 37 கண்டெய்னர்களில் ஐந்து வருஷம் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4இல் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் இதே ரசாயனம் வெடித்த பிறகுதான் அந்த பைலைத் தூசி தட்டி, அந்த மாதமே ஹைதராபாத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். மணலியில் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் யாருக்கும் அது செய்தியும் இல்லை. இந்த மாதிரி அபூர்வமான பெரிய ஆபத்துக்கு சராசரிக் கணக்கு உதவாது, தனியாக எழுதி வையுங்கள்.

எண்கள் எங்கே கிடைக்கும்? சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் தொழிலாளர் நலத்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது, முதலில் அது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் ஆய்வு செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், 'ஏன்'களுக்குப் பதில் சொல்ல அவருக்குக் கட்டாயமில்லை. பதிவேட்டின் நகல் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, சென்ற ஆண்டு குறை கண்ட தொழிற்சாலைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் மறு ஆய்வு நடந்த தேதி. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், பசை தேய்த்த ஆளையும் கேக் தின்ற ஆளையும் பிரித்துக் காட்டுவது அந்தத் தேதிதான். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வந்த எண்ணைத் தொழிலாளர் எண்ணிக்கையோடு வையுங்கள். வளர்ந்த தொழில் நாடுகளுக்குப் பத்தாயிரம் தொழிலாளருக்கு ஓர் ஆய்வாளர், வேகமாகத் தொழில்மயமாகும் நாடுகளுக்குப் பதினைந்தாயிரத்துக்கு ஒருவர் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அளவுகோல். ஒன்றை மட்டும் கவனியுங்கள், 2025 நவம்பர் 21இல் வேலையிடப் பாதுகாப்புக்கான புதிய நெறித்தொகுப்பு (பழைய சட்டங்களைச் சேர்த்த ஒரே சட்டம்) அமலுக்கு வந்தபோது, மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 பேர் என்று மாறியது. எஸ்டேட்டின் பின்சந்தில் 14 பேரை வைத்து ஓட்டும் பிரஸ் ஷாப் பட்டியலில் இல்லாமல் போகலாம், அங்கேயும் டேப் சுற்றத்தான் செய்வார்கள்.

மனு போட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் உங்கள் அபார்ட்மெண்ட் லிப்டிலிருந்து ஆரம்பிக்கலாம். உரிமம் எந்தத் தேதி வரை என்று செகரட்டரியிடம் கேளுங்கள். கடைசியாக ஆய்வுக்கு வந்தவர் மெஷின் ரூம் வரை ஏறினாரா, கீழேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாரா என்பதை வாட்ச்மேனிடம் கேளுங்கள், மாடிச் சாவி அவரிடம்தான் இருக்கும்.